பிலிப்பைன்ஸுக்கு ஊழிய அழைப்பு வந்திருக்கிறதா? பாஸ்போர்ட் முதல் பெயர்ப்பட்டையைக் கழற்றும் நாள் வரை

"அண்ணா, எனக்கும் பிலிப்பைன்ஸ்தான் வந்திருக்கு. என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" இந்த வருஷம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று பேரிடமும் போனில் மணிக்கணக்கில் பேசினேன். நாலாவது ஆள் கேட்பதற்குள் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் சபையைப் பற்றித் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரார் மோர்மன் சபை என்று சொல்வது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைத்தான். மோர்மன் என்ற பட்டப்பெயரை விட்டு முழுப் பெயரைச் சொல்லும்படி, அப்போது சபைத் தலைவராக இருந்த ரசல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார். எங்கள் வாலிபர்கள் 24 மாதமும் இளம்பெண்கள் 18 மாதமும் முழுநேர ஊழியத்துக்குப் போவார்கள். சம்பளம் கிடையாது. எந்த ஊருக்குப் போவது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது, அழைப்பு எங்கே சொல்கிறதோ அங்கே போக வேண்டும். எனக்கு வந்தது லூசோன் தீவின் லகுனா, கேசோன் மாகாணங்கள். ஏரியும் எரிமலையும் தென்னந்தோப்புமான ஊர்கள்.

முதலில் பெயரைச் சரிபண்ணுங்கள்

துணிமணி வாங்குவதெல்லாம் அப்புறம். முதலில் பாஸ்போர்ட்டை எடுத்து, குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியல்தானே வழக்கம். பள்ளிச் சான்றிதழில் வெறும் "தே." என்று இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டமே காலியாகக் கிடக்கும். ஊருக்குள் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஊழிய விண்ணப்பம், மருத்துவப் படிவம், விசா, விமான டிக்கெட் என்று நான்கு இடத்தில் நான்கு விதமாகப் பெயர் போனால் சிக்கல்தான். என் மருத்துவப் படிவத்தில் பெயர் ஒருவிதம், பாஸ்போர்ட்டில் வேறுவிதம். ஓர் அலுவலகத்திலிருந்து இரண்டு முறை திரும்பி வந்தது. ஒன்றரை மாதம் வீணாகப் போனது. விண்ணப்பத்தைத் தொடங்கும் முன்பே எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மிஷனரிகள் நெஞ்சில் அணியும் கறுப்புப் பெயர்ப்பட்டையில் ஆண்களுக்கு "எல்டர்", பெண்களுக்கு "சிஸ்டர்" என்பதற்குப் பிறகு வருவது குடும்பப் பெயர்தான். அதாவது பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயர். இரண்டு வருஷம் எல்லாரும் உங்களை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் வாரம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் திரும்பியே பார்க்கவில்லை. பிறகு பழகியது. தெருவில் ஒரு வார்த்தை தடித்துப் பேச வாய் வரும்போது, நெஞ்சில் தொங்குவது அப்பா பெயர் என்ற நினைப்பு பலமுறை என்னை அடக்கியிருக்கிறது.

விண்ணப்பமும் ஆலயமும்

வரிசை இதுதான்: உள்ளூர்ச் சபையை நடத்தும் கிளைத் தலைவர் அல்லது பிஷப்பிடம் பேச்சு, இணையத்தில் விண்ணப்பம், மருத்துவர், பல் மருத்துவர், பிறகு பக்கத்துச் சபைகள் பலவற்றைச் சேர்த்துக் கவனிக்கும் மாவட்ட அல்லது ஸ்டேக் தலைவரின் நேர்காணல். பல் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். சொத்தைப் பல்லோடு போய், தென்னந்தோப்பு நடுவில் வலி வந்து துடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அழைப்பு முன்பெல்லாம் பெரிய வெள்ளை உறையில் வரும், 2018 முதல் இணையத்தில் வருகிறது. செலவுக்கு மாதாமாதம் குடும்பம் கட்டும் தொகை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் குடும்பங்களுக்கு 2020 ஜூலையிலிருந்து மாதம் 500 டாலர். அந்த எண்ணைக் கேட்டு அம்மா அப்பாவைப் பயமுறுத்தாதீர்கள். உங்கள் குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்பதைக் கிளைத் தலைவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊழியம் தொடங்கும் முன் ஆலயத்துக்குப் போக வேண்டும். ஞாயிறு ஆராதனை நடக்கும் கட்டடம் இல்லை, விசேஷச் சடங்குகளுக்கென்றே இருக்கும் தனிக் கட்டடம். பெங்களூரு ஆலயம் 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டபோது எங்கள் கிளையில் பெரியவர்கள் அழுதார்கள். அதுவரை ஆலயம் என்றாலே நமக்கு வெளிநாட்டு விமானம்தான். நான் ஆலயத்துக்குள் முதலில் காலெடுத்து வைத்தது மணிலாவில், பயிற்சிக்குப் போன இடத்தில்.

பெட்டியில் என்ன வைப்பது

சபை கொடுக்கும் பட்டியலே போதும், சில திருத்தங்கள் மட்டும் சொல்கிறேன். கனமான கோட்டு சூட்டுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். சென்னை வெயிலும் ஆவணி மழையும் ஒன்றாகச் சேர்ந்த ஊர் அது. அரைக்கை வெள்ளைச் சட்டைகள்தான் உங்களைக் காப்பாற்றும். ஷூ நல்லதாக இரண்டு ஜோடி வாங்குங்கள், கயிறு கட்டுகிற ஷூ வேண்டவே வேண்டாம். அங்கேயும் நம்மைப் போலவே வாசலில் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வீடு. குனிந்து கயிறு அவிழ்த்துக் கட்டியே மாலையாகிவிடும். சாக்ஸ் ஓட்டையில்லாமல் இருக்கட்டும், எல்லாரும் பார்ப்பார்கள்.

சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி கொஞ்சம் போதும். புளி அங்கேயே இருக்கிறது. சினிகாங் என்று ஒரு புளிப்புச் சாறு, சூடாகச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். முதல் தடவை அதைக் குடித்தபோது பாட்டி வைக்கும் ரசம் நினைவுக்கு வந்து தொண்டை அடைத்துக்கொண்டது. முருங்கைக்கீரையும் வேலிக்கு வேலி உண்டு. அதன் பேர் மலுங்காய், காதில் விழும்போதே நம் முருங்கை கேட்கும். கோழிச் சாற்றில் உருவிப் போடுவார்கள். கருவாடும் உண்டு. சோறு மூன்று வேளையும். தமிழ் வயிற்றுக்கு அங்கே பஞ்சமே வராது.

பயிற்சி மையம்

முதல் வாரம் வீட்டிலிருந்தே, கணினி முன்னால். பிறகு மணிலா ஆலயத்துக்குப் பக்கத்திலுள்ள பயிற்சி மையத்துக்குப் போவீர்கள். மொழி கற்கிறவர்கள் சில வாரங்கள் கூடுதலாக இருப்பார்கள். கையில் "என் சுவிசேஷத்தைப் பிரசங்கியுங்கள்" கையேடு இருக்கும். 2023இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. பழைய பிரதியை அண்ணன்மாரிடம் வாங்கி வைத்திருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இங்கேதான் நம் பிள்ளைகள் ஒரு தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். கூட இருக்கும் அமெரிக்கப் பையன்கள் பேசுவது, சிரிப்பது, கைகுலுக்குவது எல்லாவற்றையும் பார்த்து, மிஷனரி என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் நல்ல பிள்ளைகள், அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் பிலிப்பைன்ஸ் வீடு ஒன்றுக்குள் நுழைய உங்களுக்கு வேண்டியதில் முக்கால்வாசியை உங்கள் வீட்டிலேயே கற்றுத் தந்துவிட்டார்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டு வேறு ஆளாக மாற முயன்று நான் மூன்று மாதம் வீணடித்தேன்.

மொழியிலேயே பாருங்கள். ஆங்கிலத்தில் "நாம்", "நாங்கள்" இரண்டுக்கும் ஒரே சொல்தான். தகலோக் மொழியில் நம்மைப் போலவே இரண்டு உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் "தாயோ", சேர்க்காவிட்டால் "காமி". அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து வந்த, என்னோடு ஜோடியாக ஊழியம் செய்த தோழன் ஒருநாள் ஒரு பாட்டியின் வாசலில் நின்று, "நாம் மிஷனரிகள்" என்று அறிமுகம் செய்தான். பாட்டி அரிசி களைந்துகொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு, "நானுமா?" என்று கேட்டுச் சிரித்தார். அவனுக்கு அது பிடிபட நாலு மாதம் ஆனது. உங்களுக்கு ஒரே நாளில் வந்துவிடும். ஜெபிக்க அழைக்கும்போது "தாயோ", ஊழியம் பற்றிச் சொல்லும்போது "காமி".

"போ" என்ற மரியாதைச் சொல்லும் அப்படித்தான். நாம் "சொல்லுங்க", "ஆமாங்க" என்று "ங்க" போடுகிற இடத்திலெல்லாம் அவர்கள் "போ" போடுவார்கள். ஆமாங்க என்பதற்கு "ஓபோ". வயதில் மூத்தவரிடம் "போ" இல்லாமல் பேசினால், என்னதான் இலக்கணம் சரியாக இருந்தாலும் காதில் உறைக்கும். முறை வைத்துக் கூப்பிடுவதும் உண்டு. அண்ணன் வயதுக்காரர் கூயா, அக்கா வயதுக்காரர் ஆத்தே, அம்மா வயதில் நானாய், தாத்தா லோலோ, பாட்டி லோலா. முன்பின் தெரியாதவரையும் இப்படித்தான் அழைப்பார்கள். இதையெல்லாம் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

தோழனும் நாள் ஒழுங்கும்

காலை 6:30க்கு எழ வேண்டும், இரவு 10:30க்கு விளக்கணைக்க வேண்டும். நடுவில் உடற்பயிற்சி, வேத வாசிப்பு, மொழிப் படிப்பு, பிறகு தெரு. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்கு எழுத. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். முதல் பன்னிரண்டு வாரம் ஒரு மூத்த மிஷனரி உங்களைப் பழக்குவார்.

தோழன் என்றால் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்திலேயே எப்போதும் இருப்பவன். குளியலறை மட்டும்தான் தனிமை. நம் வீடுகளில் ஒரே அறையில் ஐந்து பேர் படுத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் வேறு இடத்தில் வரும். நாம் மனத்தாங்கல் வந்தால் வாயைத் திறக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம், எதிராளி தானாகப் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்ப்போம். மணிலாக்காரனுக்கோ அமெரிக்கனுக்கோ அது புரியாது. எனக்கும் ஒரு தோழனுக்கும் பாத்திரம் கழுவுவதில் தொடங்கிய மௌனம் ஒன்பது நாள் நீண்டது. வாரந்தோறும் இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச ஒரு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். அதைச் சடங்காக முடித்துவிடாதீர்கள். முதலில் நீங்கள் செய்த தவறைச் சொல்லுங்கள், பிறகு உங்கள் வருத்தத்தை.

சில விதிகள் முதலில் விசித்திரமாகப் படும். கடலும் ஏரியும் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு நீந்தக் கூடாது. பெண் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் ஆண் மிஷனரிகள் போகக் கூடாது, கூட இன்னொரு ஆண் வேண்டும். மழை கொட்டினாலும் வாசலில் நின்றுதான் பேசினோம். அந்த ஊர்ப் பெண்கள் எங்களை நம்பியதற்கு அதுவே பெரிய காரணம்.

வாசலில் நிற்பது

கதவைத் தட்டாதீர்கள். வேலிக்கு வெளியே நின்று "தாவோ போ!" என்று குரல் கொடுங்கள். "மனுஷர் வந்திருக்கோம்" என்பது போன்ற அர்த்தம். நம் கிராமத்தில் "வீட்ல யாருங்க?" என்று கேட்பதற்குச் சமம். உள்ளே இருந்து "தூலோய் போ காயோ" என்று வந்தால் வரச் சொல்கிறார்கள். ஒன்றும் வராவிட்டால் மூன்று முறைக்கு மேல் கூப்பிடாமல் நகர்ந்துவிடுங்கள்.

வீட்டில் பெரியவர் இருந்தால், முதலில் அவரிடம் போய் "மானோ போ" என்று சொல்லி, அவர் கையைப் பிடித்து உங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்ளுங்கள். பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் கூச்சமே இருக்காது. ஒரு லோலோ, பல வருஷமாக மிஷனரிகளை வாசலோடு அனுப்பிவிட்டவர், நான் கையை ஒற்றியதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் எதையும் போதிக்கவில்லை. அவர் தன் பேரப்பிள்ளைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார், நான் "ஓபோ, ஓபோ" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமும் நாற்காலி வாசலில் தயாராக இருந்தது.

சாப்பிடும் நேரத்தில் போய்விட்டால் "காயின் தாயோ", வாங்க சாப்பிடலாம் என்பார்கள். சும்மா மரியாதைக்கா, உண்மையாகவா என்று நம் ஊரில் எப்படிக் கண்டுபிடிப்பீர்களோ அப்படியே அங்கேயும்: இரண்டாம் தடவை அழைத்து, தட்டும் எடுத்து வைத்தால் உட்காருங்கள். இல்லாத வீடு என்று தெரிந்தால் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, மனதார ரசித்துச் சாப்பிடுங்கள்.

எங்கள் சபையில் காப்பி, டீ, மது எதுவும் கிடையாது. காப்பி, டீயை மறுப்பது எளிது, தண்ணீர் போதும் என்றால் விட்டுவிடுவார்கள். கேசோன் பக்கம் லம்பனோக் நீட்டுவார்கள், தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்த சாராயம். ஒரே குவளை எல்லார் கைக்கும் சுற்றி வரும். அதை மறுத்தால் தங்களையே ஒதுக்குவதாக நினைத்துக்கொள்வார்கள். நான் நெஞ்சில் கை வைத்து, "என் சபையில் குடிப்பதில்லை, கூட உட்கார்ந்திருக்கிறேன்" என்பேன். அந்தக் "கூட உட்கார்ந்திருக்கிறேன்" முக்கியம்.

நாட்டில் ஐந்தில் நான்கு பேர் கத்தோலிக்கர். கூடத்தில் குழந்தை இயேசு சொரூபம் இருக்கும், முன்னால் விளக்கு எரியும். அதைப் பற்றி ஒரு சொல்லும் குறையாக வரக் கூடாது. டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசைக்குப் போய் வந்து தூங்குபவர்களைக் காலையில் எழுப்பாதீர்கள். பெரிய வெள்ளியன்று யார் வாசலிலும் போய் நிற்காதீர்கள்.

கல்யாணப் பத்திரம்

இது எந்தக் கையேட்டிலும் இவ்வளவு விவரமாக இருக்காது, ஆனால் உங்கள் ஊழியத்தில் பாதி இதில்தான் போகும். பதினேழு வருஷம் ஒன்றாக வாழ்ந்து நான்கு பிள்ளைகள் பெற்ற தம்பதி ஞானஸ்நானத்துக்கு ஆசைப்படுவார்கள், சட்டப்படி கல்யாணம் ஆகியிருக்காது. காசில்லாமல், பத்திரம் இல்லாமல் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு வந்திருப்பார்கள். எங்கள் சபையில் திருமணம் முடிந்த பிறகே ஞானஸ்நானம்.

முதலில் இருவரின் பிறப்புச் சான்றும், முன்பு கல்யாணம் ஆகவில்லை என்பதற்கான சினோமார் சான்றும் வாங்க வேண்டும். இரண்டும் நாட்டின் புள்ளியியல் ஆணையத்தில் கிடைக்கும். பிறகு நகராட்சியில் உரிமத்துக்கு மனு. பத்து நாள் அறிவிப்பு ஒட்டிய பிறகே உரிமம் தருவார்கள், அது 120 நாள் செல்லும். ஐந்து வருஷத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தவர்கள், வேறு தடை எதுவும் இல்லையென்றால், குடும்பச் சட்டம் 34ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமலே பிரமாணப் பத்திரம் எழுதிக் கல்யாணம் செய்துகொள்ளலாம். பல நகராட்சிகள் ஊர்க் கல்யாணம் என்று மொத்தமாக, கட்டணமின்றி நடத்தி வைக்கும். எப்போது நடத்துகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடினமானது இன்னொன்று. அந்த நாட்டில் முஸ்லிம்களுக்குத் தவிர மற்றவர்களுக்கு விவாகரத்துச் சட்டம் இல்லை. இளவயதில் கட்டிப் பிரிந்துபோன ஒருவர், இப்போது வேறொருவரோடு குடும்பம் நடத்துகிறார் என்றால், மறுபடி கட்ட முடியாது. முதல் கல்யாணம் செல்லாது என்று நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்க ஏழைகளால் ஆகாது. ஆகவே முதல் இரண்டு வாரத்துக்குள் இதைப் பணிவாகக் கேட்டுவிடுங்கள். நான் கேட்கத் தயங்கி, எல்லாப் பாடமும் முடித்து, ஞானஸ்நானத் தேதியும் குறித்த பிறகு ஒரு அக்காவிடம் முடியாது என்று சொல்ல நேர்ந்தது. வெள்ளை உடுப்பைத் துவைத்து மடித்து வைத்திருந்தார். அவர் கோபப்படவில்லை, அடுத்த ஞாயிறும் ஆராதனைக்கு வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உடம்பு

நாய் கடித்தால் அன்றே, அந்தப் பகுதி மிஷனரிகளைக் கவனிக்கும் மிஷன் தலைவரின் மனைவிக்குச் சொல்லுங்கள், அரசு சுகாதார நிலையங்களில் நாய்க்கடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நான் லேசான கீறல்தானே என்று இரண்டு நாள் மறைத்தேன், செய்யக் கூடாத வேலை. வெள்ளத்தில் இறங்கினால் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், எலிக் காய்ச்சல் வரும். கொசுவலை கட்டாயம். புயல் எச்சரிக்கை வந்தால், தங்கியிருங்கள் என்று சொன்ன இடத்தை விட்டு நகராதீர்கள். தண்ணீர், உணவு, டார்ச், பாஸ்போர்ட் நகல் கொண்ட பை கதவோரம் இருக்கட்டும். 2013 நவம்பரில் ஹையான் புயல் தக்லோபான் நகரைச் சிதைத்தபோது அங்கிருந்த மிஷனரிகள் அத்தனை பேரும் உயிரோடு மீண்டார்கள்.

வீட்டு நினைப்பு

முன்பெல்லாம் வருஷத்துக்கு இரண்டு முறைதான் வீட்டுக்குப் பேசலாம், கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். 2019 பிப்ரவரியிலிருந்து வாராவாரம் பேசலாம். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், அதை அம்மாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பேசும்போது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைக்காதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள்.

எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தாய் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். 1853இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற எங்கள் மிஷனரி மதராஸில் வந்து இறங்கினார். ஏறக்குறைய ஒரு வருஷம் உழைத்தார், பத்திரிகை கூட அச்சடித்தார். சேர்ந்தவர்கள் வெகு சிலர், அவரும் உடம்பு முடியாமல் திரும்பினார். எண்ணிக்கை என்னைத் தின்ற இரவுகளில் நான் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

திரும்பும்போது

பெட்டியில் இடம் விடுங்கள். பசலூபோங், அதாவது ஊர் திரும்புகிறவர் வீட்டாருக்கென்று கொண்டுபோகும் பொருள், ஒவ்வொரு வீட்டிலும் தருவார்கள். வாழைக்காய் வறுவல், லிலிவ் ஊர் செருப்பு, தென்னோலைக் கூடை. வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஷூ, சட்டை, கொசுவலையை உங்கள் இடத்துக்கு வருபவனுக்கு விட்டுவிடுங்கள்.

விமான நிலையத்தில் இறங்கியதும் பெயர்ப்பட்டையைக் கழற்றாதீர்கள். மாவட்ட அல்லது ஸ்டேக் தலைவர் உங்களை முறைப்படி விடுவிக்கும்வரை நீங்கள் மிஷனரிதான். நள்ளிரவில் வந்தாலும் அவருக்குப் போன் செய்யுங்கள். எனக்கு அவர் காலை ஏழு மணிக்கு வீட்டுக்கே வந்தார். ஜெபம் முடிந்ததும் பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அம்மா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினார். அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து, பட்டையிலிருந்த தன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார்.